ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினாயே, அந்தச் சீட்டு

ரிஜிஸ்தர் தபாலில் நீ அனுப்பிய கவர் வந்து சேர்ந்தது. நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு இல்லை. நலமாகத்தான் இருப்பாய். கட்டியவளைக் கையில் ஒரு பையோடு அவள் அப்பா ஊருக்கு, செக்கானூரணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அன்றைக்கு ராத்திரியே ஓசூருக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தவனுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது. கவருக்குள் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டின் ஜெராக்ஸ். அதோடு உன் கையெழுத்தில் நாலே வரி. "இதைப் பெரியப்பாவிடம் காட்டுங்கள். பார்த்தால் அவருக்கே புரியும். என் வாயால் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேசித் தீர்த்துவிடுங்கள்." நம் ஆட்களிடம் கோர்ட் கச்சேரி கிடையாது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரு காலை நேரம் உட்கார்ந்து, காரணத்தைக் கேட்டு, கல்யாண உறவை அறுத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். காரணம் மட்டும் வலுவாக இருந்தால் போதும். வலுவான காரணத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தாய். அதைக் கொண்டுபோய் நீட்ட வேண்டியவள் உன்னைப் பெற்ற நான். தீர்க்க வேண்டியது யாரை? என் அண்ணன் மகளை. முறைப்பெண் என்று நானே போய்க் கேட்டு, நானே கூட்டிக்கொண்டு வந்த வனிதாவை.

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். பேசவும் செய்தேன். என்ன பேசினேன் என்பதை உன் பெரியப்பா மகன் எவனாவது போனில் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். உட்கார்ந்து படி. பாதியில் கிழித்துப் போட்டால் உனக்குத்தான் நஷ்டம், என்னிடம் இதற்கு ஜெராக்ஸ் கிடையாது.

நீ செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், தப்பு இருந்தால் திருத்து. தை மாசம் வனிதாவுக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் வந்தது. பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை போக வேண்டும் போலிருக்கும், போனால் நாலு சொட்டு வரும். இரண்டாம் சனிக்கிழமை நீ வீட்டுக்கு வந்தபோது உன்னிடம் சொன்னாள், டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். பெண்கள் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்க உனக்கு வெட்கமாக இருந்தது. கோரிப்பாளையத்தில் மெடிக்கல் கடையில் நிற்கிறானே உன்னோடு படித்தவன், அவனிடம் போய் மூன்று நாளைக்குக் கேப்சூல் வாங்கி வந்து கொடுத்தாய். எரிச்சல் நின்றது. பதினைந்து நாளில் திரும்ப வந்தது. திரும்ப அவனிடமே போனாய், "இன்னும் கொஞ்சம் பவரா" வாங்கி வந்தாய். அதற்கப்புறம் அவளுக்கு வேறு தொந்தரவு ஆரம்பித்தது. அரிப்பு, தயிர் திரிந்த மாதிரி வெள்ளைப்படுதல். அவளே தனியாக டவுனுக்குப் போய் ஒரு லேடி டாக்டரைப் பார்த்து, டெஸ்டும் ஸ்கேனும் எடுத்து, சீட்டை வாங்கி பீரோவில் வைத்திருந்தாள். அதை நீ எடுத்தாய். எடுத்தவன் பத்தடி தள்ளி அடுப்படியில் நிற்கிறவளிடம், இது என்ன என்று கேட்கவில்லை. கோரிப்பாளையத்துக்குக் கொண்டுபோனாய். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். நானும் அந்தக் கடைக்குப் போய்விட்டு வந்தேன்.

சாயந்திரம் மில் விட்டு வந்தவள், உன் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சேலைகூட மாற்றவில்லை. நேரே போனேன். கடையில் கூட்டம். எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டேன். "தம்பி, என் மகன்ட்ட என்ன சொன்ன?" அவனுக்கு வேர்த்துவிட்டது. "அம்மா, இதெல்லாம் இங்க வச்சு ஓப்பனா பேச முடியாதும்மா. சும்மா கேட்டான், தெரிஞ்சதச் சொன்னேன்." தெரிஞ்சத எனக்கும் சொல்லு என்றேன். முனகிக்கொண்டே சொன்னான். "ஒழுங்கான பொம்பளைக்கு இது வராது மாப்ள, நீ மாசத்துல ரெண்டு மூணு நாளுதான வீட்ல இருக்க, பாத்துக்கன்னு சொன்னேன்மா. வேற ஒண்ணும் சொல்லலம்மா." நீ என்ன படிச்சிருக்க தம்பி என்று கேட்டேன். "பி.காம்மா. லைசென்ஸ் வேற ஒருத்தர் பேர்ல இருக்கு" என்றான். ஒரு பி.காம்காரன் கவுண்டருக்குப் பின்னால் நின்று சொன்ன ஒரு வார்த்தைக்கு, ஒன்பது மாசம் உன்னோடு வாழ்ந்தவளை வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறாய். உனக்குப் பெண் கொடுத்தவர் என் அண்ணன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுநாள் நான் போனபோது கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவர், "ஒன்னய நம்பித்தான ஆத்தா குடுத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை நான் சாகும்வரை சுமக்க வேண்டும், உன் புண்ணியத்தில்.

உன்னை மட்டும் ஏசிவிட்டு நான் நல்லவளாக உட்கார்ந்துகொள்ள மாட்டேன். என் பங்கும் இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள். வனிதா முதலில் சொன்னது உன்னிடம் இல்லை, என்னிடம். நான் என்ன சொன்னேன்? "சூடு. வெந்தயத்த ஊறப் போட்டுக் குடி. எளநி குடி. எண்ணெ தேச்சுக் குளி." அது மட்டுமா. கிருமி கொல்கிற மருந்தை வெந்நீரில் இரண்டு மூடி விட்டுத் தினமும் கழுவு என்றும் சொன்னேன், என்னமோ பெரிய வைத்தியச்சி மாதிரி. அவள் நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள், அங்கே டீச்சர்களுக்கு ஒரே ஒரு பாத்ரூம், அதுவும் ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமைத் தாண்டிப் போக வேண்டும். அதனால் காலையில் குடிக்கிற காப்பியோடு சரி, சாயந்திரம் வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அதைப் பெருமையாக அக்கம்பக்கத்தில் சொன்னவள் நான். "எங்க வனிதா காலைல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் பாத்ரூம் போகும், அம்புட்டு அடக்கம்" என்று சொல்லியிருக்கிறேன். எதைப் போய் அடக்கம் என்று பேசியிருக்கிறேன் பார்.

அது எனக்கு எங்கே இருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. நான் பசுமலை மில்லில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து இருபத்தாறு வருசம் ஆகிறது. போர்டை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்றால் மாற்று ஆள் வர வேண்டும். மாற்று ஆள் ஒரு ஆம்பளை, டைம் ஆபீஸில் இருப்பார். அவருக்கு நானே லைன் போட்டு, "சார், அஞ்சு நிமிசம் வாரீங்களா" என்று கேட்க வேண்டும். எதுக்கு என்று அவருக்குத் தெரியும், அவர் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும், வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வருவார்கள். நான் கேட்பதை விட்டுவிட்டேன். எட்டு மணி நேரம் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, ஊரில் உள்ளவர்கள் பேச்சுக்கெல்லாம் லைன் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். வருசத்துக்கு மூன்று தடவை, நாலு தடவை. உன் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் அவருக்கு இது தெரியாது. சூடு என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு தடவை காய்ச்சலும் குளிரும் முதுகுவலியுமாக ஒரு வாரம் படுத்துக் கிடந்தேனே, ஞாபகம் இருக்கிறதா, அப்போதும் சூடுதான்.

ஒருநாள் அப்படி உள்ளே அழுதுகொண்டிருந்தபோது நீ வெளியே கதவைத் தட்டினாய். உனக்கு ஏழு வயசு. "வலிக்குதாம்மா?" என்று கேட்டாய். "இல்லடா, கண்ணுல சோப்பு பட்டுருச்சு" என்றேன். நீ ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, நான் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாய். நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏழு வயசுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, அம்மாவுக்கு ஒண்ணுக்குப் போற எடத்துல புண்ணு மாதிரி வலிக்குதுடா என்று சொல்லியிருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்காது. சொல்லவில்லை. அதற்கப்புறமும் எத்தனையோ பொய். மாசாமாசம் "அம்மாவுக்குத் தலைவலி." உன் அக்கா பெரிய மனுஷியானபோது உன்னைப் பத்து நாள் உன் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினேன், "அக்காவுக்கு அம்மை" என்று சொல்லி. பெண் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாத ஆம்பளையை நானே பொத்திப் பொத்தி வளர்த்து, என் அண்ணன் மகளுக்குக் கட்டி வைத்தேன்.

சரி, சீட்டுக்கு வருகிறேன். புதன்கிழமை மில்லுக்கு லீவு போட்டு வனிதாவைக் கூட்டிக்கொண்டு அந்த டாக்டரிடம் போனேன். அவள் வர மாட்டேன் என்றாள். "எதுக்கு அத்த? நாந்தான் கெட்ட பொம்பளன்னு முடிவாயிருச்சுல்ல" என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். டாக்டர் முன்னால் உன் ஜெராக்ஸை வைத்து, இதில் இருக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்குத் தமிழில் அர்த்தம் வேண்டும், நான் எழுதிக்கொள்ளப் போகிறேன் என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்தது. அந்தப் படத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன், நீ நினைக்கிற வெட்கம் இல்லை. சிறுநீர் வருகிற துவாரம் வேறு, பிள்ளை வருகிற வழி வேறு, இரண்டும் தனித்தனி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு ஐம்பத்து மூன்று வயசு. இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறேன். என் உடம்பில் எத்தனை வாசல் என்று தெரியாமலே பெற்றிருக்கிறேன்.

சீட்டில் முதலில் எழுதியிருந்தது யூ.டி.ஐ. சிறுநீர்ப் பாதைத் தொற்று. பெண்களுக்கு அந்தக் குழாய் ரொம்பக் குட்டை, மலம் போகிற இடமும் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் குடலில் இருக்கிற கிருமி சுலபமாக மேலே ஏறிச் சிறுநீர்ப்பைக்குப் போய்விடும். தண்ணீர் குடிக்காமல், வந்ததை அடக்கி வைத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இது அடிக்கடி வரும், அதற்குப் புருஷனோடு சேர்ந்திருப்பதே போதும், வேறு எவனும் வேண்டியதில்லை. இதை டாக்டர் சொன்ன வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன். கவனிக்காமல் விட்டால் கிட்னிக்கு ஏறும், அப்போது காய்ச்சல், குளிர், முதுகுவலி வரும். நான் ஒரு வாரம் படுத்துக் கிடந்தது அதுதான். சூடு என்று ஒரு வியாதி எந்தப் புத்தகத்திலும் இல்லையாம்.

இரண்டாவது, நீ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாயே, வெஜைனல் கேண்டிடியாசிஸ். அதைப் பார்த்துத்தானே உனக்குத் தலை சுற்றியது? வெஜைனா என்றால் பிறப்புறுப்பின் உள்வழி, நீ வந்த வழி. கேண்டிடா என்பது ஒரு பூஞ்சை. நம் எல்லார் உடம்பிலும், உன் வாயில்கூட, கொஞ்சமாக இருக்கும். அந்த இடத்தில் நல்ல கிருமிகள் காவல் இருப்பதால் தலையெடுக்காமல் கிடக்கும். கண்டபடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கெட்ட கிருமியோடு அந்த நல்ல கிருமியும் சாகும், காவல் போய்விடும், பூஞ்சை பெருகிவிடும். அரிப்பும் தயிர் மாதிரிப் படுவதும் அதனால்தான். டாக்டர் கேட்டது, "இவளுக்கு அரைகுறையா ரெண்டு தடவ ஆன்டிபயாடிக் குடுத்த புத்திசாலி யாரு? டெஸ்ட் எடுக்காம எப்படிக் குடுத்தாங்க?" வனிதா தலையைக் குனிந்துகொண்டாள். உன் பேரைச் சொல்லவில்லை. நான் சொன்னேன். புரிகிறதா உனக்கு? அவளைத் துரத்திவிடக் காரணம் என்று நீ எந்த வியாதிக்குக் கோடு போட்டாயோ, அதை உன் கையாலேயே கடையில் வாங்கி, தண்ணீரோடு அவளுக்குக் கொடுத்திருக்கிறாய். நான் மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லி, மிச்சம் இருந்த காவலையும் விரட்டியிருக்கிறேன். அம்மாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து செய்த வேலை. வெள்ளை படுவது எல்லாமே வியாதியும் இல்லையாம், அந்த உறுப்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிற விதம் அது, நிறமோ வாடையோ மாறினால், அரித்தால் மட்டும் பார்க்க வேண்டும், உள்ளே எதையும் ஊற்றிக் கழுவவே கூடாதாம்.

மூன்றாவது, ஹார்மோன், சினைப்பையில் நீர்க்கட்டி என்று எழுதியிருந்தது. அவளுக்கு மாசம் தள்ளித் தள்ளிப் போகும். கட்டி என்றதும் பயந்துவிடாதே, நீ பயப்படுவதும் அவளுக்காக இருக்காது. ஹார்மோன் என்பது ரத்தத்தில் கலந்து போய், எப்போது என்ன செய்ய வேண்டும் என்று உடம்புக்குச் சொல்கிற சத்து. அது கொஞ்சம் ஏறி இறங்கினால் கருமுட்டை முழுசாக முதிராமல் சின்னச் சின்னக் கொப்புளமாகத் தங்கிவிடும். ஊரில் நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, மருந்தும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் போதும், பிள்ளையும் பிறக்கும். கடைசியில் டாக்டர் என் பக்கம் திரும்பி, உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு என்று கேட்டது. என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறைந்து அந்த இடத்துத் தோல் மெலிந்து காய்ந்துவிடுமாம், அதனால்தான் இன்னமும் எனக்கு எரிகிறதாம். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தது. இத்தனை வருசத்துக்கு ஒரு சின்ன டியூப்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் பெரியப்பா நடுவில். "சீட்டு இருக்காம்ல, அதக் குடும்மா" என்றார். கொடுக்கவில்லை. எழுந்து நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் எழுதி வைத்திருந்ததை முதல் வரியிலிருந்து வாசித்தேன். சிறுநீர்ப் பாதை, பிறப்புறுப்பு, வெள்ளைப்படுதல், பூஞ்சை, சினைப்பை. ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. இருபத்தாறு வருசம் போர்டில் பேசிய குரல், முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கும் கேட்டிருக்கும். "இந்தாம்மா, என்ன பேச்சு பேசுற? ஆம்பளைக உக்காந்திருக்கோம்ல" என்றார் உன் பெரியப்பா. "ஆம்பளைககிட்டக் காட்டணும்னுதான் ஒங்க மகன் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கான். பாத்தா ஒங்களுக்குப் புரியாது, அதான் வாசிக்கிறேன்" என்றேன். ஒருத்தர் எழுந்து பீடி பற்றவைக்கப் போனார். மற்றவர்கள் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்சூல் கொடுத்த கதையையும் சொன்னேன், மருந்துத் தண்ணீர் கதையையும் சொன்னேன், கோரிப்பாளையத்தான் சொன்ன வார்த்தையைக்கூட அப்படியே சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் என் குரல் உடைந்தது. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

உன் பெரியப்பா, "இதுல தீக்கிறதுக்கு என்ன இருக்கு? பய வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்றார். கூட்டம் கலைந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டார். "நம்ம வீட்லயும் ரெண்டு வருசமா சூடு சூடுங்கிறா. அந்த டாக்டரம்மா எங்கிட்டு இருக்காக?" கைநாட்டு வைக்கிற மனுஷர் அவர். பட்டம் வாங்கிய உன்னைவிட ஒரு படி மேலே போய்விட்டார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கூட்டிட்டுப் போகட்டும் என்று பெரியவர் சொன்ன உடனே, அடுப்படி வாசலில் நின்ற வனிதா வெளியே வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். "கூட்டிட்டுப் போறதுக்கு நான் என்ன ஆடா, மாடா பெரிய மாமா? அவரு மொதல்ல எங்கூட அந்த ஆஸ்பத்திரிக்கு வரட்டும். வெளிய மரத்தடியில நிக்கக் கூடாது. உள்ள வந்து எங்கூட பெஞ்சுல உக்காரணும். டாக்டர்ட்ட அவரே வாயத் தொறந்து கேக்கணும், எம் பொண்டாட்டிக்கு என்னன்னு. அதுக்கப்புறம் வாரேனா இல்லையான்னு நாஞ் சொல்றேன்" என்றாள். நான் அவளுக்குப் பரிந்து எதுவும் பேசவில்லை. பேச அவசியமே இல்லை. உன்னிடம் வந்துவிடு என்று அவளிடம் நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அதையும் தெரிந்துகொள். அவள் வராவிட்டால் நான் உனக்காக அழப் போவதில்லை, அண்ணனிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு டோக்கன். அவள் அப்பா வீட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். நீ ஓசூரிலிருந்து வருவதானால் கோச்சடைக்கு, இந்த வீட்டுக்கு வராதே. உனக்குக் காப்பி போட்டுக் கொடுக்க என் கை வராது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே அந்த ஆஸ்பத்திரிக்குப் போ. வரிசையில் பொம்பளைகள் உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும், உட்காரு.

ஏழு வயசில் கதவுக்கு வெளியே நின்று கேட்டாயே ஒரு கேள்வி, அதற்கு நான் பொய் சொன்னேன். இருபத்தோரு வருசம் கழித்து இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம்டா, வலித்தது. ரொம்ப வலித்தது. ஏழு வயசில் கேட்கத் தெரிந்த உனக்கு, இருபத்தெட்டு வயசில் கேட்கத் தெரியாமல் போயிற்று. வியாழக்கிழமை அதே கேள்வியைப் போய் அவளிடம் கேள். அவள் உண்மையைச் சொல்வாள்.

அம்மா